படிவத்தில் இல்லாத உறவு

அட்டன் வழியாகச் சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரிகர்கள் பஸ்ஸை விட்டு இறங்கும் கடைசி இடம் நல்லதண்ணி. டிசம்பர் மாதப் பௌர்ணமி தொடங்கி வெசாக் பௌர்ணமி வரை அங்கு இரவென்றும் பகலென்றும் வேறுபாடு இல்லை. கடைகள் திறந்தே இருக்கும். மற்ற மாதங்களில் மழை, மூடுபனி, அட்டை. அந்த அடிவாரத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில்தான் என் சின்னம்மாவின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது. நான் பிறந்ததும் அதே சரிவில்தான். பத்திரிகைத் தொழில் என்னைக் கொழும்புக்கு இழுத்துச் சென்ற பின்னரும், சீசன் காலத்தில் ஒரு தடவையேனும் அங்கு போய் வருவதை நான் வழக்கமாக வைத்திருந்தேன்.

இந்தப் பத்தியில் நான் எழுதப்போவது ஒரு வீசா விவகாரம். அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. பெருமைப்படத்தக்க பங்கு அல்ல. சம்பந்தப்பட்டவர்களின் அனுமதியோடு, பெயர்களைத் தவிர்த்து எழுதுகிறேன்.

2007ஆம் ஆண்டின் ஒரு நள்ளிரவில் கனடாவிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் சின்னம்மாவின் கடைசி மகன். எனக்குத் தம்பி முறை. சின்னவர் என்பது வீட்டில் அவருக்கு வழங்கிய பெயர். மத்திய கிழக்கில் சில ஆண்டுகள் சாரதியாக இருந்துவிட்டு, தொழில் அனுமதி பெற்றுக் கனடாவின் இறைச்சி பதனிடும் ஆலை ஒன்றுக்குப் போனவர். அங்கு நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்திருந்தார். மனைவி, ஒரு மகள், இரண்டு மகன்மார் என நால்வரின் பெயரும் விண்ணப்பத்தில் இருந்தன.

"அண்ணே, வீசா ஆப்பீசுல இருந்து கடிதம் வந்திருக்கு. மகளுக்கும் மூத்த மகனுக்கும் அஞ்சு மாசந்தான் வித்தியாசம், இது எப்பிடின்னு கேக்குறாங்க. வெளக்கம் சொல்லணுமாம். இல்லாட்டி ரத்தப் பரிசோதனையாம்."

நான் பேசாமல் இருந்தேன். மகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் 1991 பெப்ரவரி. மகனுடையதில் 1991 ஜூலை. பதினாறு ஆண்டுகளாக அந்த இரண்டு தாள்களும் ஒரே தகரப் பெட்டியில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்திருக்கின்றன. எவரும் மாதங்களை எண்ணிப் பார்க்கவில்லை.

"அந்தப் பாரத்தை அன்னைக்கு நீங்கதானே அண்ணே எழுதுனீங்க" என்றார் அவர். குரலில் குற்றச்சாட்டு இல்லை. ஞாபகப்படுத்தினார், அவ்வளவுதான்.

ஆம், நான்தான் எழுதினேன். ஏன் எழுதினேன் என்பதை விளக்க, சற்றுப் பின்னால் செல்ல வேண்டும்.

இலங்கையின் பழைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். தந்தையின் பெயர், தாயின் பெயர், பெற்றோர் விவாகமானவர்களா என்ற கேள்வி ஆகியவற்றுக்குப் பின்னால் வேறெந்த நாட்டிலும் நான் கண்டிராத இரண்டு கூடுகள் இருக்கும். பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவரது பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம். தந்தை இலங்கையில் பிறக்காதவராயிருந்து, பூட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவரது விபரம். ஒரு பச்சைக் குழந்தையின் வரவைப் பதிய ஏன் அதன் பூட்டனாரைத் தேட வேண்டும்?

விடை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அவ்வாண்டு நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டப்படி, அதற்கு முன் இந்நாட்டில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமாயின், தன் தந்தை இங்கு பிறந்தவர் என்று காட்ட வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். பிறப்புப் பதிவு இந்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டதே 1897இல்தான். அதற்கு முன் லயத்தில் பிறந்தவனுக்கு ஏது காகிதம்? காடு வெட்டிக் கோப்பியும் பின்னர் தேயிலையும் நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இவ்விதமே ஒரே சட்டத்தால் நாடற்றவர்களானார்கள்.

அடுத்த ஆண்டு இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தது. இத்தனை ஆண்டுகள் தொடர்ச்சியாக வாழ்ந்தவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். 1951 ஓகஸ்ட் 5 கடைசி நாள். ஏறத்தாழ 825,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கடைசியில் பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு. என் தந்தையின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. செக்றோலில் ஒரு விதமாகவும், கோவில் கல்யாணப் பத்திரிகையில் இன்னொரு விதமாகவும், என் பிறப்புப் பதிவில் மூன்றாவது விதமாகவும் அவர் பெயர் எழுதப்பட்டிருந்தது. மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க அவரால் முடியவில்லை. "என் புள்ளைக்கு நான் அப்பன்னு சொல்றதுக்கு எவங்கிட்டப் போயி சாட்சி கேக்குறது" என்று அவர் பெரட்டுக்களத்தில் நின்று சத்தமிட்டதைப் பிற்காலத்தில் ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பிறகு 1964 ஒக்டோபர் 30. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம். பத்து ஆண்டுகள் கழித்து அந்த ஒன்றரை இலட்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கணக்குச் சரியாயிற்று. குடும்பங்கள்தான் சரியாகவில்லை. சின்னம்மாவின் கணவர் தனக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு விண்ணப்பித்தார். மூத்த மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. கூட்டாளிகளோடு சேர்ந்து அவர் தனியாக இந்தியாவுக்கு விண்ணப்பித்தார். ஒரே காம்பராவில், ஒரே பாயில் படுத்த அண்ணனும் தம்பியும் இரண்டு நாட்டுக்காரர்களானார்கள். மூத்தவரின் இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. இன்றைக்கு நாளைக்கு என்று பயணம் தள்ளிப்போனது. 1984இல் தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பல் நின்றது. அதன் பின்னர் அவர் எந்த நாட்டுக்கும் போகவில்லை. நல்லதண்ணியில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். சீசன் காலத்தில் யாத்திரிகர்களின் மூட்டை சுமந்தார். வெகு காலம் கழித்துத்தான் கல்யாணம் செய்தார்.

1990ஆம் ஆண்டின் இறுதியில் மலையில் குளவி கொட்டி அவர் இறந்தார். மனைவி அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். பெப்ரவரியில் ஒரு மழை இரவில் லயத்திலேயே பிரசவம். கொழுந்து லொறி வருவதற்குள் மருத்துவச்சியின் கையில் பெண் குழந்தை பிறந்துவிட்டது. இருபதாம் நாள் தாயும் காய்ச்சலில் போய்விட்டார். சின்னவரின் மனைவி அப்போது நாலரை மாதக் கர்ப்பிணி. அந்தப் பெண்தான் சிசுவைத் தூக்கிக்கொண்டாள். பசும்பாலும் மாப்பாலும் கொடுத்து வளர்த்து, ஜூலையில் தன் மகன் பிறந்த பிறகு இருவருக்கும் சேர்த்துத் தாய்ப்பால் கொடுத்தாள்.

தாயின் சாவு வீட்டுக்காக நான் கொழும்பிலிருந்து போயிருந்தேன். பிறப்பைப் பதிவதற்கான நாற்பத்திரண்டு நாள் தவணை முடியவில்லை. தோட்டத்து லயத்தில் பிறக்கும் பிள்ளையின் விபரம் தோட்ட நிர்வாகம் ஊடாகவே பதிவாளருக்குப் போகும். கணக்கப்பிள்ளை படிவத்தை என்னிடமே கொடுத்து, "நீங்க பத்திரிகைக்காரர், பிழையில்லாம எழுதிடுங்க சேர்" என்றார்.

அன்றைய சட்டம் எனக்கு மனப்பாடம். அது பற்றி அத்தனை கட்டுரைகள் எழுதியிருந்தேன். 1948க்குப் பின் பிறந்த பிள்ளை இலங்கைப் பிரஜையாக வேண்டுமாயின், பிறக்கும்போது தந்தை இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும். தாயின் பிரஜாவுரிமை கணக்கில் இல்லை. தந்தை என்ற கூட்டில் இறந்துபோன மூத்தவரின் பெயரை எழுதினால், அப்பனும் இல்லாத, ஆத்தாளும் இல்லாத அந்தக் குழந்தைக்கு நாடும் இராது. தம்பியின் பெயரை எழுதினால் எல்லாம் இருக்கும். பள்ளிக்கூடம் இருக்கும், அடையாள அட்டை இருக்கும், வாக்கு இருக்கும். எப்படியும் அவளை வளர்க்கப்போகிறவர்கள் அவர்கள்தானே? சின்னவரைப் பார்த்தேன். தலையை ஆட்டினார். தம்பியின் பெயரைத் தந்தையாகவும், தம்பி மனைவியின் பெயரைத் தாயாகவும் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று அன்று எல்லோரும் சொன்னார்கள்.

1941ஆம் ஆண்டிலிருந்தே இந்நாட்டில் பிள்ளைகளைத் தத்தெடுப்பதற்கான சட்டம் உண்டு. நீதிமன்றம் சென்று கட்டளை பெற்றிருக்கலாம். ஆனால் அண்ணன் பிள்ளையை வளர்க்க எவன் கோர்ட்டுக்குப் போவான்? தகப்பனின் தம்பியைச் சின்ன அப்பன், சித்தப்பன் என்று அழைக்கும் பாஷை நம்முடையது. அந்தச் சொல்லிலேயே தத்தெடுப்பு நடந்து முடிந்திருக்கிறது.

கடல் கடந்த அதிகாரிகளுக்கு இதில் ஒரு பழைய அனுபவம் உண்டு. 1984 செப்டம்பரில் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் என்ற விஞ்ஞானி, மனிதரின் மரபணுவைக் கைரேகை போலப் பிரித்தறிய முடியும் என்று கண்டார். அடுத்த ஆண்டு அது முதன்முதலாகப் பயன்பட்டது ஒரு கொலை வழக்கில் அல்ல, ஒரு குடிவரவு வழக்கில். இங்கிலாந்தில் பிறந்து, கானாவுக்குப் போய்த் திரும்பிய ஒரு சிறுவனை அதிகாரிகள் சந்தேகித்தனர். தாய் என்று சொல்லும் பெண் உண்மையில் அவனுடைய தாயின் சகோதரியாக இருக்கலாம் என்பது அவர்களின் ஐயம். பரிசோதனை அவள் தாயே என்று காட்டியது. சிறுவன் தங்கிவிட்டான். உலகின் முதல் மரபணு வழக்கே தாயா சின்னம்மாவா என்ற கேள்விதான் என்பதை நான் அறிந்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கலக்கமும் வந்தது. அந்தச் சிறுவனைக் காப்பாற்றிய அதே கருவி நல்லதண்ணிச் சிறுமியைக் காட்டிக்கொடுக்கும்.

பிரான்ஸில் 2007இல், குடும்பத்தோடு சேர வருவோரிடம் மரபணுப் பரிசோதனை கேட்க வழிசெய்யும் சட்டம் நிறைவேறியது. கடும் எதிர்ப்பின் பின்னர் அது நடைமுறைக்கு வராமலே போயிற்று. பிரித்தானியாவில் 2018 ஒக்டோபரில், விண்ணப்பதாரர் சிலரிடம் அதிகாரமின்றி மரபணுச் சான்றைக் கட்டாயப்படுத்தியமைக்காக உள்துறை அமைச்சர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். கனடாவிலோ காகிதங்கள் போதாதபோது மட்டும் நாடவேண்டிய கடைசி வழியாகவே அதனை வைத்திருக்கிறார்கள். எங்கள் விடயத்தில் காகிதங்கள் போதாமல் இல்லை. இருந்த காகிதமே பொய்யாக இருந்தது.

சின்னவருக்கு அங்கிருந்த சிலர் பலவித ஆலோசனை சொன்னார்கள். திகதியில் எழுத்துப் பிழை என்று சொல்லலாம் என்றார் ஒருவர். இரண்டாவது பிள்ளை குறைமாதம் என்றார் இன்னொருவர். ஐந்து மாதத்தில் எந்தப் பிள்ளை பிழைத்தது? நான் விசாரித்தேன். பொய்த் தகவல் என்று தீர்மானித்தால் அன்றைய கனடியச் சட்டப்படி இரண்டு ஆண்டுத் தடை. 2014இன் பின்னர் அது ஐந்து ஆண்டுகளாகியிருக்கிறது. முழுக் குடும்பமும் நடுவீதியில் நிற்கும்.

இன்னொன்றும் தெரியவந்தது. கனடாவின் குடிவரவு விதிகளில், தாய் தந்தை இருவரையும் இழந்த சகோதரனின் பிள்ளையைப் பொறுப்பேற்று அழைக்க இடம் உண்டு. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவராகவும் மணமாகாதவராகவும் இருக்க வேண்டும். வயது, விண்ணப்பம் போய்ச் சேரும் நாளைக் கொண்டு கணிக்கப்படும். அதாவது உண்மை எழுதப்பட்டிருந்தால் அந்த உண்மைக்கென்றே ஒரு கதவு இருந்தது. அந்தக் கதவைப் பூட்டியது நான் எழுதிய பொய்.

வேதனை என்னவென்றால், அந்தப் பொய்க்கான தேவையும் அதற்குள் தீர்ந்துபோயிருந்தது. 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், தந்தை என்றிருந்த இடத்தில் தாயையும் சேர்த்தது. அதே ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. அவளது தாய்வழிப் பாட்டனே அதற்குப் போதும். 1991இல் அவளுக்கு நாட்டைக் கொடுத்த பெயர் 2003க்குப் பின் ஒரு சுமையாக மட்டும் எஞ்சியது.

கடிதத்துக்கு உள்ளதை உள்ளபடியே பதில் எழுதினோம். பெற்றோர் இருவரின் மரணச் சான்றிதழ்களையும் இணைத்தோம். அதிகாரி விளக்கத்தை ஏற்றுக்கொண்டார். ஆனால் மகள் என்ற நிலையில் அவளுக்கு வீசா இல்லை. மற்ற மூவருக்கும் 2008இல் கிடைத்தது. அவர்கள் புறப்பட்டால்தான் மற்றது. புறப்படாவிட்டால் எல்லாம் போகும். வீசாவின் கடைசி வாரம்வரை அந்தத் தாய் பெட்டி கட்டவில்லை. ஒரே மடியில் பால் குடித்த மகன் விமான நிலையத்துக்குப் போகும் வானில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவள் அப்பாயியோடு லயத்தில் நின்றுவிட்டாள்.

இனி, பிறப்புப் பதிவைத் திருத்த வேண்டும். சட்டத்தரணி ஒருவர் மாவட்ட நீதிமன்றத்தில் மனுவைத் தாக்கல் செய்தார். 2009 பெப்ரவரியில் அவளுக்குப் பதினெட்டு. கையில் இருந்தது எட்டே மாதம்.

சான்றுகளைத் தேடி நான் நல்லதண்ணிக்கும் மஸ்கெலியாவுக்குமாக அலைந்தேன். நாற்பது ஆண்டு நிருபர் தொழிலில் நான் இவ்வளவு கவனமாக எந்தச் செய்தியையும் சரிபார்த்ததில்லை. தாயின் மரணச் சான்றிதழில் காரணம் என்ற இடத்தில் பிரசவத்துக்குப் பிந்திய காய்ச்சல் என்று எழுதியிருந்தது. குழந்தை பெற்றவள் இவள்தான் என்பதற்கு அது முதற்சாட்சி. மூடப்பட்ட தோட்ட டிஸ்பென்சரியின் பழைய பதிவேடுகள் தேயிலைப் பெட்டிகளோடு ஓர் அறையில் கிடந்தன. இரண்டு நாள் தேடி, 1991 பெப்ரவரிப் பக்கத்தைக் கண்டுபிடித்தோம். மருத்துவச்சியின் கோணல் எழுத்தில் தாயின் பெயர், லய இலக்கம், பெண் குழந்தை, எடை. எழுத்துக்கூட்டி எழுதப்பட்ட அந்த வரி உண்மை பேசியது. அழகான கையெழுத்தில் நான் எழுதிய படிவம் பொய் பேசியது.

நானும் ஒரு சத்தியக்கடதாசி கொடுக்க வேண்டியிருந்தது. "இதனால் உங்கள் பேருக்குப் பாதிப்பு வரலாம், யோசியுங்கள்" என்றார் சட்டத்தரணி. யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. விபரம் பொய்யென அறிந்தே நான் எழுதினேன் என்று ஒப்பமிட்டேன்.

அதற்கு முன் அவளிடம் விடயத்தைச் சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்பும் என்னிடமே வந்தது. லயத்து வாசலில் அமர்ந்து, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், 1948இலிருந்து ஆரம்பித்தேன். அவள் குறுக்கிட்டாள்.

"தெரியும் பெரியப்பா. எட்டு வயசுல பீலிக்கரையில ஒரு சண்டை. 'நீ தின்னது சித்தப்பன் சோறு'ன்னு ஒரு அக்கா சொல்லிட்டாங்க. அப்பாயிகிட்டக் கேட்டேன். அழுதாங்க. பொறகு நான் யாருகிட்டயும் கேக்கல."

ஒன்பது ஆண்டுகள் அவள் அதைத் தன்னுள் வைத்திருந்திருக்கிறாள். வளர்த்தவர்களின் மனம் நோகுமென்று அவளும், அவள் மனம் நோகுமென்று அவர்களும் பேசாமல் இருந்திருக்கிறார்கள். லயம் முழுவதற்கும் தெரிந்த ஓர் உண்மையை நான்கு சுவர்களுக்குள் எவரும் உச்சரிக்கவில்லை. சிறிது நேரம் கழித்து அவள் கேட்டாள்.

"கோர்ட்டுல அவரு அப்பா இல்லன்னு நான் சொல்லணுமா?"

"ஆமா."

"அப்பிடிச் சொன்னாத்தான் அப்பாகிட்டப் போகலாமா?"

"ஆமா" என்றேன். வேறு விடை என்னிடம் இருக்கவில்லை.

விசாரணை நாளில் முதிய மருத்துவச்சி சாட்சி சொன்னார். அப்பாயி சொன்னார். என் முறை வந்தபோது நீதிபதி என் சத்தியக்கடதாசியைப் படித்துவிட்டுச் சற்று நேரம் என்னைப் பார்த்தார். "நீங்கள் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவர் அல்லவா?" என்று கேட்டார். ஆம் என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வி இன்றுவரை எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

கடைசியாக அவளை அழைத்தார்கள். கனடாவில் இருக்கும் இன்னார் உமக்கு என்ன முறை என்பது கேள்வி. "சித்தப்பா" என்றாள். குரல் நடுங்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் "பாப்பா" என்று பெயர்த்தார். சிங்களவரும் தகப்பனின் அண்ணனை "மஹப்பா" என்றும் தம்பியை "பாப்பா" என்றும்தான் அழைக்கிறார்கள். அந்தப் பாஷையிலும் சித்தப்பனுக்குள் ஓர் அப்பன் இருக்கிறான். பின்னர் கனடாவுக்கு அனுப்புவதற்காகத் தீர்ப்பை ஆங்கிலத்தில் பெயர்த்தபோதுதான் அந்த அப்பன் காணாமற்போனான். அங்கிள் என்று ஒற்றைச் சொல். தாய்மாமனுக்கும் அதே சொல், பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே சொல்.

நவம்பரில் கட்டளை வந்தது. திருத்திய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைக் கையில் வாங்கியபோது, தந்தை என்ற கூட்டில் மூத்தவரின் பெயரை அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். அவர் முகத்தைக்கூட அவள் கண்டதில்லை. வீட்டில் இருந்த ஒரே படம் அவருடைய இந்தியக் கடவுச்சீட்டில் ஒட்டியிருந்ததுதான்.

டிசம்பரில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. வயது எல்லைக்கு இரண்டு மாதம் மீதம். ஆயினும் மரபணுப் பரிசோதனையைத் தவிர்க்க முடியவில்லை. போர் உச்சத்தில் இருந்த 2009இன் தொடக்கத்தில், சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, அவளைக் கொழும்புக்கு அழைத்து வந்தோம். பெற்றவரோடு பிள்ளை மரபணுவில் சரிபாதியைப் பகிர்கிறது. ஆகவே தந்தை - பிள்ளை உறவை ஏறக்குறைய ஐயமின்றிச் சொல்லிவிடலாம். தகப்பனின் சகோதரரோடு பகிர்வது சராசரியாகக் காற்பங்கே. ஆதலால் அந்த உறவை நிகழ்தகவாகத்தான் சொல்வார்கள். மிகவும் சாத்தியம் என்று வந்த அறிக்கையை அதிகாரி ஏற்றுக்கொண்டார். 2010இல் அவள் போய்ச் சேர்ந்தாள். விமான நிலையத்தில் சின்னவர் அவளை ஒன்றும் கேட்கவில்லையாம். பசிக்குதா என்று மாத்திரம் கேட்டாராம்.

இன்று அவளுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது. படிவங்களில் அவரைச் சித்தப்பா என்று எழுதுகிறாள். வீட்டில் அப்பா என்றே கூப்பிடுகிறாள். இரண்டும் உண்மைதான்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. மலையகத்திலிருந்து வெளிநாடு போகும் பிள்ளைகளின் பெற்றோர் இன்றும் என்னை அழைக்கிறார்கள். கோவிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் வாழ்ந்த தம்பதிகள் இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளின் பத்திரத்தில் தந்தை என்ற கூடு வெறுமையாக இருக்கிறது. மணமாகாதவர் என்று பதிவானால் இருவரும் சேர்ந்து கேட்டாலன்றித் தந்தையின் பெயரை எழுத மாட்டார்கள் என்பது அவர்களுக்கு அன்று தெரியாது. ராமசாமி என்றும் இராமசாமி என்றும் ஆங்கிலத்தில் நான்கு விதமாகவும் எழுதப்பட்ட தகப்பன்மார் இருக்கிறார்கள். அக்காளின் பிள்ளையைத் தன் பிள்ளையாகப் பதிந்தவர்களும் இருக்கிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றே. இதை மறைக்க வழி உண்டா?

என் விடை எப்போதும் ஒன்றுதான். வீசா விண்ணப்பம் போடும்வரை காத்திராதீர்கள். பெட்டியைத் திறந்து, குடும்பத்தின் எல்லாத் தாள்களையும் ஒரே மேசையில் பரப்புங்கள். பெயர்களை ஒப்பிடுங்கள். திகதிகளை எண்ணிப் பாருங்கள். பிழையோ பொய்யோ இருந்தால், பிள்ளை சிறிதாக இருக்கும்போதே, கேட்பார் இல்லாத காலத்திலேயே திருத்துங்கள். மருத்துவச்சியும் அப்பாயியும் உயிரோடு இருக்கும்போதே சாட்சியத்தை எழுதி வாங்குங்கள். எங்கள் வழக்கில் சாட்சி சொன்ன மருத்துவச்சி, தீர்ப்பு வந்த மூன்றாம் மாதம் காலமானார்.

அன்று நான் அந்தக் குழந்தைக்கு ஒரு நாட்டைத் தேடிக் கொடுத்ததாக நினைத்துப் பெருமைப்பட்டேன். மறுபடியும் அதே சட்டமும் அதே இருபது நாள் குழந்தையும் என் முன்னால் இருந்தால் என்ன எழுதுவேன் என்று சில இரவுகளில் யோசிப்பதுண்டு. விடை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் எழுதியதைப் பதினாறு ஆண்டுகள் அப்படியே விட்டிருக்க மாட்டேன் என்பது மட்டும் தெரியும். 2003இல் சட்டம் மாறிய செய்தியை எங்கள் பத்திரிகையில் முதற்பக்கத்தில் போட்டவனே நான்தான்.